மூப்பை எதிர்த்தவர்கள் – 9: குளிர்ப்பெட்டியில் பிழைத்த மருந்து

சென்ற இதழில் கார்னெல் பல்கலைக்கழகத்து எலிக்கூண்டுகள் வரை வந்திருந்தோம். அரை வயிற்றுக்குத் தீனி போடப்பட்ட எலிகள், வயிறு முட்டத் தின்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்ததை 1935இல் கிளைவ் மெக்கே காட்டினார். உணவு குறைந்தால் உடம்புக்குள் என்ன நடந்து ஆயுள் கூடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு வேறு யாருக்கும் தெரியாது. விடையின் முதல் நுனி பல பத்தாண்டுகள் கழித்து, முதுமையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மருந்தின் வழியாகக் கிடைத்தது. அந்த மருந்தும் நடுவில் ஒருமுறை குப்பைக்குப் போக இருந்தது. ஒரு மனிதர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனதால் தப்பியது.

1964 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ‘கேப் ஸ்காட்’ என்ற கடற்படைக் கப்பல் புறப்பட்டது. மருத்துவர்களும் உயிரியலாளர்களுமாக நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. தலைவர், மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்கோரினா. போகிற இடம் ஈஸ்டர் தீவு. அங்குள்ளவர்கள் வழக்கில் ராப்பா நூயி. சிலி நாட்டின் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலின் நடுவே கிடக்கும் எரிமலைத் தீவு. அப்போது மக்கள்தொகை ஏறத்தாழ ஆயிரம். தீவில் விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தது. வெளியுலகம் உள்ளே நுழைவதற்கு முன்பு, அந்தத் தனித்த மக்களின் உடல்நிலையையும் அவர்களைச் சுற்றியிருக்கும் கிருமிகளையும் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவும் இருந்தது.

டிசம்பரில் அவர்கள் கரையிறங்கியபோது தீவு கொதித்துக்கொண்டிருந்தது. சிலியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தும் தீவு மக்களுக்கு வாக்குரிமை கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் ஆட்டுப்பண்ணையாக இருந்தது. பிறகு கடற்படையின் பிடிக்குள் போனது. அல்ஃபோன்சோ ராப்பு என்ற இளம் பள்ளி ஆசிரியர் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். 1966இல் அவர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் அந்தப் போராட்டத்தின் பலன். மருத்துவ வரலாற்று நூல்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரு வரிகூட இடம் பெறுவதில்லை. இந்தக் குழு ரத்தம் எடுத்ததும் மண் தோண்டியதும், தங்கள் நிலத்தின் மேல் உரிமை கேட்டுக்கொண்டிருந்த ஒரு மக்களின் நடுவில்தான் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் ஜார்ஜ் நோக்ராடி என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர். அவரை உறுத்தியது ஒரே கேள்வி. தீவெங்கும் குதிரைகள் திரிகின்றன. குதிரைச் சாணத்தில் ரணஜன்னிக் கிருமி இருப்பது சாதாரணம். மக்களோ வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதமெல்லாம் கீறல், வெடிப்பு. அப்படியிருந்தும் ரணஜன்னி ஏன் பரவவில்லை? விடை மண்ணில் இருக்கும் என்று நினைத்த நோக்ராடி, தீவின் வரைபடத்தை 67 கட்டங்களாகப் பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடந்து போய், மண்ணெடுத்து, குப்பியில் அடைத்து, எந்த இடம் என்று எழுதி ஒட்டினார். இதில் வீரமோ சாகசமோ ஒன்றுமில்லை. வெயிலில் குனிந்து நிமிர்கிற வேலைதான். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தக் குப்பிகளே மூலம்.

குழு திரும்பிய பிறகு அந்த மண் மாதிரிகள் மாண்ட்ரியலில் இருந்த அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு வந்தன. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த பிறகு, உலகெங்கும் மருந்து நிறுவனங்கள் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு குப்பியில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துப் பாக்டீரியம் ஒன்று அகப்பட்டது. அது சுரந்த பொருள், காண்டிடா பூஞ்சையை வளரவிடாமல் தடுத்தது. 1972இல் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். ராப்பா நூயியின் பெயரால் ராபமைசின் என்று பெயர் வைத்தார்கள். 1975இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

அந்த வேலையின் நடுநாயகமாக இருந்தவர் சுரேந்திரநாத் சேகல். பிரிக்கப்படாத பஞ்சாபின் குஷாப் என்ற ஊரில் 1932இல் பிறந்தவர். காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கனடாவுக்குப் போய் அயர்ஸ்டில் சேர்ந்தார். பூஞ்சைக்கு மருந்து என்று நினைத்த பொருள் நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்குகிறது என்பது விரைவிலேயே தெரிந்துபோயிற்று. தொற்றை விரட்ட மருந்து கொடுத்து, கூடவே உடம்பின் காவலையும் தளர்த்தினால் நோயாளி என்ன ஆவார்? நிறுவனத்துக்கு ஆர்வம் போய்விட்டது. சேகல் விடவில்லை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினார். பல வகைக் கட்டிகளின் வளர்ச்சியை அது மட்டுப்படுத்துவதாக அங்கிருந்து செய்தி வந்தது. அதற்குப் பிறகும் நிறுவனம் அசையவில்லை.

1980களின் தொடக்கத்தில் அயர்ஸ்ட் தன் மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடியது. பெரும்பாலோர் வேலையிழந்தார்கள். மிகச் சிலரை மட்டும் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனுக்கு மாற்றினார்கள். சேகல் அந்தச் சிலரில் ஒருவர். லாபம் தராது என்று முடிவான பொருள்களை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்போது அவர் செய்ததைப் பின்னாளில் அவருடைய மகன் அஜய் விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வகம் மூடுவதற்கு முன் நொதிக்கலனில் கடைசியாக ஒருமுறை ராபமைசினைத் தயாரித்தார் சேகல். சிறு குப்பிகளில் அடைத்தார். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில், குடும்பத்தின் சாப்பாட்டுப் பொருள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று ‘சாப்பிடாதீர்கள்’ என ஒரு சீட்டும் ஒட்டினார். வீடு மாறும் நாளில் பெட்டிக்குள் உலர்பனிக்கட்டியைப் போட்டு, மூடியை நாடாவால் இறுக ஒட்டி, சாமான் வண்டியில் ஏற்றி எல்லை கடத்தினார்கள்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் செத்துப்போன மருந்து, ஒரு வீட்டுச் சமையலறையில் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தது. விதி மீறலாக இதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மருந்தியல் வரலாற்றில் இதைவிடப் பெரிய பொறுப்புணர்ச்சியை நான் அதிகம் கண்டதில்லை.

1987இல் அயர்ஸ்ட், வயத் நிறுவனத்தோடு இணைந்தது. புதிய மேலாளர்கள் வந்தார்கள். சேகல் மறுபடியும் கதவைத் தட்டினார். இந்த முறை காலம் அவர் பக்கம் இருந்தது. ஜப்பானில் சுகுபா மண்ணிலிருந்து 1984இல் கண்டெடுத்த டாக்ரோலிமஸ், உறுப்பு மாற்று சிகிச்சையில் பெரிய நம்பிக்கையாகியிருந்தது. அதன் வேதிக் கட்டமைப்புக்கு ராபமைசின் நெருங்கிய உறவு. எந்தக் குணத்துக்காக அது ஒதுக்கப்பட்டதோ, அந்த எதிர்ப்பாற்றலை அடக்கும் குணமே இப்போது தேவைப்பட்டது. 1989இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்னும் அவருடைய சகாக்களும், மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் நிராகரிப்பதை விலங்குகளில் இது தடுக்கிறது என்று வெளியிட்டார்கள். 1999 செப்டம்பரில், சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. மருத்துவப் பெயர் சிரோலிமஸ்.

நம்மில் பலருக்கு இந்த மருந்து தெரியாமலே அறிமுகம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மருந்து பூசிய ஸ்டென்டுகளில் முதலில் சந்தைக்கு வந்தது சிரோலிமஸ் பூசியதுதான். இன்றும் பல ஸ்டென்டுகளின் பூச்சில் இருப்பது அது, அல்லது அதன் உடன்பிறப்புகள். குழாய்ச் சுவரின் செல்கள் பெருகி மறுபடி அடைத்துவிடாமல் அது தடுக்கிறது.

செல் பெருகுவதை ஏன் தடுக்கிறது? இங்கிருந்துதான் மெக்கேயின் எலிகளுக்குப் போகும் வழி திறக்கிறது. 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹெய்ட்மன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்டில் ராபமைசினைக் கொட்டி, அதற்கு மசியாத ஈஸ்ட் வகைகளைத் தேடினார்கள். அவற்றின் மரபணுக்களில் மாற்றம் எங்கே என்று பார்த்தபோது, ராபமைசின் போய்த் தாக்கும் இலக்கு கிடைத்தது. டார் என்று அதற்குப் பெயர். 1994இல் பாலூட்டிகளின் செல்லிலும் அதே புரதத்தைக் கண்டார்கள், எம்டார் என்றார்கள். ஈஸ்ட் முதல் மனிதன் வரை ஒன்றேபோல் இருக்கும் புரதம் என்றால், உயிரின் அடித்தளத்தில் அதற்கு ஏதோ முக்கிய வேலை இருக்கிறது என்று பொருள்.

கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லும் சிமென்டும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் அவர் மேலே மேலே எழுப்பச் சொல்வார். சரக்கு வரத்து நின்றால், கிடக்கும் உடைசலைப் பொறுக்கிப் பழைய சுவரைப் பூசச் சொல்வார். செல்லுக்குள் எம்டாரின் வேலை அது. அமினோ அமிலங்களும் இன்சுலினும் தாராளமாக இருந்தால் ‘வளர், பெருகு’ என்கிறது. உணவு குறைந்தால் அடங்கிவிடுகிறது. செல் தன்னுள் பழுதான புரதங்களையும் உறுப்புகளையும் உடைத்து மறுபயன் செய்துகொள்கிறது. இந்தத் தன்னைத் தானே செரிக்கும் முறையை விளக்கியதற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. ராபமைசின் உள்ளே போனால், உணவு இருக்கும்போதே இல்லை என்று எம்டார் நம்பிவிடுகிறது. மெக்கேயின் எலிகள் பட்டினி கிடந்து பெற்றதை ஒரு மாத்திரையால் பெற முடியுமா என்ற கேள்வி இங்கே பிறந்தது. 2003இல் உருளைப்புழுவிலும் 2004இல் பழ ஈயிலும், டார் சமிக்ஞையைக் குறைத்தால் ஆயுள் கூடுவதைக் காட்டினார்கள்.

அந்த 2003 ஜனவரியில் சேகல் இறந்துபோனார். 1998இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், அதுவும் பரவிய நிலையில், கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சிகிச்சையோடு சேர்த்து, தன் ராபமைசினையும் எடுத்துக்கொண்டார். எதிர்பார்த்ததைவிட அதிக காலம் வாழ்ந்தார். பிறகு, தன்னை இதுவரை காத்தது இந்த மருந்துதானா என்று அறிய விரும்பி அதை நிறுத்திப் பார்த்தார். நோய் திரும்பியது. ஒரே ஒரு உடம்பில் பார்த்த சோதனை நிரூபணம் ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இருந்தும் கேள்வியை அவரால் விட முடியவில்லை.

இனி 2009. இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த ஆண்டுகளில் இதுவே முக்கியமானது என்பேன்.

அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், ஆயுளைக் கூட்டும் என்று சொல்லப்படும் பொருள்களைச் சோதிக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் அழகு அதன் கண்டிப்பில் இருக்கிறது. ஒரே சோதனையை மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், டெக்சாஸின் சான் அன்டோனியோ ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஆணும் பெண்ணும் வேண்டும். ஒரே அச்சில் வார்த்த ஆய்வக எலிகள் கூடாது. மரபணுக் கலப்புள்ள சுண்டெலிகள் வேண்டும். ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பொய்த்துப்போகும் ‘அற்புத’ மருந்துகள் இந்த வலையில் தங்காது. சிவப்பு ஒயினில் இருப்பதாகப் புகழப்பட்ட ரெஸ்வெரட்ரால் இங்கே வந்து ஒன்றுமில்லாமல் போனது.

ராபமைசினைச் சோதிக்கலாம் என்று சொன்னவர் சான் அன்டோனியோவின் டேவ் ஷார்ப். ஆனால் தொடக்கத்திலேயே சிக்கல். தீனியில் கலந்தால் மருந்து சிதைந்து, ரத்தத்தில் போதிய அளவு சேரவில்லை. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையும் பூச்சுக்குள் மருந்தை அடைத்து, தூளாக்கித் தீனியோடு பிசையும் முறையைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. இளமையில் தொடங்க வேண்டிய சோதனை. எலிகளோ அதற்குள் கிழடாகிவிட்டன. வயது 600 நாள். மனிதக் கணக்கில் சுமார் அறுபது. அவற்றைத் தள்ளிவிட்டுப் புதிய எலிகளோடு தொடங்கியிருக்கலாம். அவர்கள் கிழ எலிகளுக்கே மருந்தைப் போட்டார்கள்.

மூன்று இடங்களிலும் ஆயுள் கூடியது. கூட்டத்தில் பத்தில் ஒன்பது எலிகள் இறந்த வயதை வைத்துக் கணக்கிட்டால், பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9 சதவீதம். ஒரு பாலூட்டியின் அதிகபட்ச ஆயுளை ஒரு மருந்து, முதுமை தொட்ட பிறகு தொடங்கியும், இரு பாலிலும் நீட்டியதற்கு இதற்கு முன் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. தீனிச் சிக்கலால் ஏற்பட்ட தாமதம் மட்டும் இல்லையென்றால், மிக முக்கியமான இந்த உண்மை அன்றைக்குத் தெரியாமலே போயிருக்கும்: மருந்து வேலை செய்ய இளமை தேவையில்லை. பின்பு அளவைக் கூட்டிக் கொடுத்தபோது ஆயுளின் நடுக்கணக்கு ஆண்களில் 23, பெண்களில் 26 சதவீதம் வரை உயர்ந்தது. அதே திட்டத்தில் அகார்போஸ், கனாக்ளிஃப்ளோசின் என்ற இரண்டு சர்க்கரை நோய் மாத்திரைகளும் ஆண் எலிகளின் ஆயுளை நீட்டின. புதிதாக ஒரு மூலக்கூறைத் தேடி அலையாமல், மருந்துக்கடை அலமாரியில் ஏற்கெனவே இருப்பதைச் சோதிக்கலாம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது இப்படித்தான்.

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்குமா? 2014இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ஜோன் மேனிக் குழுவினர், 65 வயதைத் தாண்டிய 218 பேரிடம் ராபமைசினின் உறவான எவரோலிமஸை ஆறு வாரம் கொடுத்து, இடைவெளி விட்டு, ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. ஆனால் குறைந்த அளவில் தடுப்பூசிக்கு உடம்பின் பதில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. நம்பிக்கை ஓங்கியது. 2019இல் அதே வழியில் வந்த இன்னொரு மருந்து, முதியோரின் சுவாசத் தொற்றைத் தடுக்கும் பெரிய சோதனையில் தோற்றது. 2025இல் வெளியான ஓராண்டுச் சோதனையில், வாரம் ஒருமுறை ராபமைசின் எடுத்தவர்களுக்கு, முதன்மையாக அளக்கப்பட்ட வயிற்றுக் கொழுப்பில் மாற்றமில்லை. அதிக அளவு எடுத்த பெண்களுக்குத் தசை கூடியது, வலி குறைந்தது. இதுவரை மனிதரிடம் கிடைத்திருப்பது இவ்வளவே. ஆயுள் நீண்டதற்குச் சான்று ஒன்றுகூட இல்லை.

பக்க விளைவுகளோ நிச்சயம். உறுப்பு மாற்று நோயாளிகள் எடுக்கும் அளவில் வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு ஏறுதல், சர்க்கரை கூடுதல், புண் ஆறத் தாமதம், தொற்று ஆகிய எல்லாம் உண்டு. சாவைத் தள்ளிப்போடுவதையே தொழிலாக்கிக்கொண்ட அமெரிக்கச் செல்வந்தர் பிரையன் ஜான்சன், பல ஆண்டுகள் எடுத்த ராபமைசினை 2024இல் இந்தத் தொல்லைகளால் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

அப்படியானால் பெரிய சோதனை நடத்திப் பார்த்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் பழைய கணக்குப் புத்தகம் மறுபடி குறுக்கே வருகிறது. சிரோலிமஸின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடரப் பெரும் பணம் வேண்டும். யாரும் மலிவாகத் தயாரித்து விற்கக்கூடிய மருந்துக்காக எந்த நிறுவனமும் அந்தப் பணத்தைப் போடாது. முதுமையை ஒரு நோயாக மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்பதும் இல்லை. அமெரிக்காவில் வீட்டு நாய்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகூடப் பணத்துக்குத் தட்டுத்தடுமாறித்தான் நடக்கிறது. சந்தை கைவிடுகிற இடத்தில் அரசு இறங்கியே ஆக வேண்டும் என்பது என் திடமான கருத்து. நம் நாட்டிலேயே பெங்களூருவின் பயோகான் போன்ற நிறுவனங்கள் சிரோலிமஸைத் தயாரிக்கின்றன. முதியோர் தொகை வேகமாகக் கூடிவரும் நாடு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இப்படி ஒரு சோதனையை நடத்தினால், விடை எதுவாக இருந்தாலும் உலகத்துக்கே பயன்.

இன்னொரு கடனும் பாக்கி. மண்ணெடுத்த இடத்தைக் குறிக்க 2000இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஈஸ்டர் தீவில் ஒரு பலகை வைத்தார்கள். போர்த்துகீசிய மொழியில் எழுதியது. கோடிக்கணக்கில் விற்ற மருந்தின் வருமானத்தில் ராப்பா நூயி மக்களுக்குப் பங்கு எதுவும் வரவில்லை. ஒரு நாட்டின் உயிர்வளத்திலிருந்து எடுப்பவர்கள் பலனைப் பகிர வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1992இல்தான் வந்தது. அவர்கள் மண் அதற்கு முன்பே போய்விட்டது.

இந்த மருந்து இணையத்தில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, வாங்கலாமா என்று யோசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். உங்கள் மருத்துவர் ஒரு நோய்க்காக எழுதித் தந்தால் தவிர, இதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே உறுப்பு மாற்றுக்காக எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த இதழில், நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் மெட்ஃபார்மினைப் பார்ப்போம்.

(தொடரும்)